நாலாவதாக வரும் குதிரை

பெரிய கோப்பையை அண்ணனின் சாம்பல் நிறக் குதிரை ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை, அதற்கு எத்தனை புள்ளி கிடைக்கும் என்பதை மைதானத்து டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். புள்ளி போடவேண்டியவள் மட்டும்தான் இன்னும் போடவில்லை.

அவளுக்கு அரைக்கிலோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, மைதானம் வைத்தது. பந்தயச் சங்கத்தில் குதிரைகளுக்குப் புள்ளி போடுகிற வேலை அவளுடையது. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்த பிறகு, ஓடிய குதிரைகளின் தரம் இன்னது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதவேண்டும். சாதாரண ஓட்டங்களில், கூடுதல் புள்ளி வாங்கிய குதிரை கூடுதல் எடை சுமந்துகொண்டு ஓடவேண்டும். ஒரு புள்ளிக்கு அரைக்கிலோ. இருபத்திரண்டு வருடமாகக் குதிரைக்காரர்கள் வந்து அழுதிருக்கிறார்கள், மிரட்டியிருக்கிறார்கள், "ஒரே ஒரு அரைக்கிலோ மேடம்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவள் குறைத்ததில்லை. நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் அரைக்கிலோ. அது அவளுக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அண்ணன் குதிரைப் பயிற்சியாளர். தங்கை புள்ளி போடுகிற இடத்தில் அண்ணன் குதிரையை ஓட விடலாமா என்று ஆரம்பத்தில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. இரண்டே வருடத்தில் அது தானாக அடங்கிவிட்டது. அண்ணன் குதிரைக்குத்தான் எப்போதும் எடை ஒரு பிடி கூடுதலாக ஏறுகிறது என்று எல்லாரும் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் வீட்டு மாடியில்தான் அவள் குடியிருந்தாள். சாப்பாடு கீழே, எல்லாரும் ஒன்றாக. சாப்பாட்டு மேசையில் குதிரைக்கு வந்த காய்ச்சலைப் பற்றிப் பேசலாம், ஜாக்கியின் திமிரைப் பற்றிப் பேசலாம். புள்ளியைப் பற்றிப் பேசக்கூடாது. அது அண்ணன் போட்ட சட்டம், அவரே ஒருநாளும் அதை மீறியதில்லை.

அன்றைக்கு அண்ணிதான் கொஞ்சம் மீறினாள். தங்கையின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஒண்ணும் கேக்கலப்பா. ஆனா எனக்கும் கூட்டல் கணக்கு தெரியும்."

"ஏய்," என்றார் அண்ணன். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு மதியத்திலிருந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் ஜெயிக்கும் முதல் பெரிய கோப்பை. சாம்பல் அவருடைய சொந்தக் குதிரை. குட்டியாக இருந்தபோது விற்கப் பார்த்தார், யாரும் வாங்கவில்லை, அதனால் சொந்தமானது. இப்போது அது நூற்றுப் பதினைந்து புள்ளியைத் தொட்டுவிட்டால் பொலிப் பட்டியலில் ஏறிவிடும். பண்ணைகள் தங்கள் பெட்டைக் குதிரைகளை எந்த ஆண் குதிரைகளிடம் கொண்டுபோகலாம் என்று சங்கம் வருடாவருடம் அச்சடிக்கும் பட்டியல் அது. அதில் ஏறினால் அண்ணன் விடியற்காலையில் எழுந்து அடுத்தவர் குதிரைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். முட்டி இரண்டும் தேய்ந்துபோன மனிதர். சாம்பலை ஒரு சின்னப் பண்ணையில் கட்டிவைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்காரலாம்.

அண்ணியின் கூட்டல் கணக்கு இதுதான். மைதானத்தில் கடிகாரம் என்று ஒரு குதிரை உண்டு. காயடித்த பழுப்புக் குதிரை, வயது ஒன்பது. புள்ளி போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு குதிரை வேண்டும். பத்துக் குதிரை ஓடினால் ஒன்பது அன்றைய மனநிலைக்குத் தகுந்தபடி ஓடும். ஒன்றுதான் மழையோ வெயிலோ தன் ஓட்டத்தைத் தப்பாமல் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அளக்கவேண்டும். ஒரு குதிரையின் உடல் நீளம் முன்னால் வந்தால் இரண்டு புள்ளி. கடிகாரத்தின் புள்ளி நூற்றுப் பத்து. பெரிய கோப்பையில் எல்லாக் குதிரைக்கும் ஒரே எடை, அதனால் குழப்பமே இல்லை. கடிகாரம் நாலாவதாக வந்தது, சாம்பலுக்கு மூன்று நீளம் பின்னால். மூன்று நீளத்துக்கு ஆறு புள்ளி. நூற்றுப் பதினாறு. டீக்கடைக்காரர் சொன்னதும் அதைத்தான், அன்று ராத்திரி படுக்கப்போகும்போது அவள் மனதில் இருந்ததும் அதுதான்.

கோப்பைக்கு மறுநாள் காலையில் லாயங்களை ஒரு சுற்றுச் சுற்றி வருவது அவள் வழக்கம். எந்தக் குதிரை கால் நொண்டுகிறது, எது தீனியைத் தொடவில்லை என்று பார்த்தால்தான் நேற்றைய ஓட்டம் யாருக்கு நிஜமான ஓட்டம் என்று தெரியும். திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கடிகாரத்தின் கொட்டடிக்கு வந்தாள். அதைப் பார்த்துக்கொள்ளும் லாயக்காரர் வாய் ஓயாத ஆள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வைக்கோலை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன, புதுசா சமையல் எல்லாம்?"

"என்ன பண்றதும்மா, தாத்தாவுக்குப் பல்லு போயிடுச்சு. பாருங்க." குதிரையின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். "முந்தியெல்லாம் தீனித் தொட்டியை அஞ்சு நிமிஷத்துல நக்கி வெச்சுடுவான். இப்போ ஒரு மணி நேரம் மென்னுக்கிட்டு இருக்கான். காலையில உடம்பு வளையவே பத்து நிமிஷம் நடத்தணும். முதலாளிகிட்ட சொல்லிட்டேன், இனிமே போதும், விட்டுடலாம்னு. ஆனாலும் கில்லாடிம்மா இவன். இந்த உடம்பை வெச்சுக்கிட்டு நேத்திக்கும் நாலாவதா வந்துட்டான் பாருங்க!"

"நாலு வருஷமா நாலாவது," என்று சிரித்தாள் அவள். குதிரையின் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தாள். பத்தடி போயிருப்பாள், கால் நின்றுவிட்டது.

ஆறு வயதில் நாலாவது, ஏழில் நாலாவது, எட்டில் நாலாவது, ஒன்பதில் நாலாவது. ஒவ்வொரு தடவையும் ஜெயித்த குதிரைக்கு மூன்று நீளம், மூன்றரை நீளம் பின்னால். அதைப் பார்த்துத்தான் கடிகாரம் மாறவே இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பல் போன குதிரை, உடம்பு வளையாத குதிரை, மாறவே இல்லையாம். அப்படியென்றால் முன்னால் ஓடியவை?

திரும்பி வந்தாள். லாயக்காரரிடம், "இவன் எப்போ இருந்து இப்படி?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும்மா. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. நாலு வருடமாக அந்தக் குதிரையைப் பைனாகுலரில் பார்த்தாளே தவிர, அதன் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

அலுவலகத்துக்கு ஓடினாள் என்றே சொல்லலாம். ஐம்பது வயதில், செருப்புச் சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்க. அலமாரியைத் திறந்து பழைய ஓட்ட நேரப் பதிவுகளை மேசையில் கொட்டினாள். ஓட்ட நேரத்தை அவள் பார்ப்பதே இல்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். தரை ஒருநாள் ஈரம், ஒருநாள் கெட்டி. ஒரு ஓட்டம் தொடக்கத்திலிருந்தே வேகம், ஒன்று மந்தம். நேரம் பொய் சொல்லும், குதிரை சொல்லாது என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தவள் அவள். அந்த மிதப்பில்தான் இந்த வினை. தரை காய்ந்திருந்த நாட்களை மட்டும் பொறுக்கி எடுத்து, கடைசி அறுநூறு மீட்டரை மட்டும் ஒப்பிட்டாள். கடிகாரம் வருடத்துக்கு வருடம் தளர்ந்திருந்தது. ஆறு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் நடுவில் முக்கால் நொடி. முக்கால் நொடியில் ஒரு நல்ல குதிரை நாலு நீளத்துக்கு மேல் போய்விடும்.

பிறகு இன்னொரு தாளை எடுத்தாள். சென்ற இரண்டு வருடத்தில் இந்த நாட்டிலிருந்து மூன்று குதிரைகள் வெளிநாட்டு ஓட்டங்களுக்குப் போயின. மூன்றும் மூக்கு உடைபட்டுத் திரும்பின. முதல் குதிரைக்கு விமானம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இரண்டாவதற்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாவதற்குப் புல் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாதது அவள் போட்டிருந்த எண் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. இப்போது மூன்றையும் எதிரில் ஓடிய குதிரைகளோடு வைத்துப் பார்த்தாள்.

எப்படிப் பார்த்தாலும் பிழை எட்டுப் புள்ளிக்குக் குறையவில்லை. கடிகாரம் இன்றைக்கு நூற்றுப் பத்து இல்லை, நூற்றிரண்டு. சாம்பல் நூற்றெட்டு.

நாட்டில் குதிரைகள் தேய்ந்துகொண்டு வருகின்றன என்பது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. நல்ல பெட்டைகள் வெளிநாட்டுக்கு விற்றுப்போயின. வெளியிலிருந்து புது ஆண் குதிரை வந்து பல வருடமாயிற்று. வருடத்துக்கு ஆயிரம் குட்டி பிறந்த இடத்தில் இப்போது நானூறு. ஆனால் கூட்டத்தில் யாராவது இதைப் பேச வாயெடுத்தால், செயலாளர் எழுந்து, "எண்ணிக்கை குறைஞ்சிருக்கலாம், உச்சத்துல இருக்கிற குதிரைங்க தரம் குறையலை. புள்ளியைப் பாருங்க" என்று உட்காரவைத்துவிடுவார். அந்தப் புள்ளி அவள் எழுதியது. கிழட்டுக் குதிரை ஒன்று கீழே இறங்க இறங்க, அதோடு சேர்ந்து எல்லாமே இறங்கியிருக்கின்றன. அவள் மட்டும் எல்லாம் சமமாக இருப்பதாக எழுதியிருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜெயித்த குதிரை அவள் எண்ணைக் காட்டித்தான் பொலிப் பட்டியலில் ஏறியது. அதன் முப்பத்தெட்டுக் குட்டிகள் இப்போது பண்ணைகளில் துள்ளிக்கொண்டிருக்கின்றன. அடுத்து ஏறப்போவது அண்ணனின் குதிரை.

அவமானமாக இருந்தது. பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனாள்.

செயலாளர் நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். முழுவதையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், இன்னொரு தடவை சொல்லுங்க. நூத்தியெட்டா?"

"நூத்தியெட்டு."

"போன வருஷம் ஜெயிச்ச குதிரைக்கு?"

"ஆறு குறையும். அதுக்கு முந்தின வருஷம் மூணு."

"ஜெயிக்கிற குதிரைங்க புள்ளி இறங்கினா கோப்பையே முதல் தர ஓட்டம்ங்கிற இடத்துல இருந்து விழுந்துடும். முப்பது வருஷமா நாம தாங்கிட்டு வந்த தரம்."

"அது விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு சார். நான்தான் முட்டுக் கொடுத்து நிறுத்தி வெச்சிருக்கேன்."

செயலாளர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் ஒரு வழி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உடனே போட்டு உடைக்கவேண்டாம். அடுத்த வருஷத்துல இருந்து ரெண்டு ரெண்டா குறைச்சுக்கிட்டே வாங்க. நாலு வருஷத்துல சரியாயிடும். யாருக்கும் வலிக்காது. உங்க வேலைக்கும் ஆபத்தில்லை. அண்ணன் குதிரையும் பட்டியல்ல ஏறிடும்."

அந்த வழி நல்ல வழியாகத்தான் தெரிந்தது. யார் கண்ணிலும் படாது. அவள் ஒரு நிமிடம் அதை நினைத்துப் பார்த்தாள் என்பதை மறைத்துப் பயனில்லை.

"நாலு வருஷத்துல சாம்பலுக்கு நூத்தைம்பது குட்டி பிறந்திருக்கும் சார்," என்றாள். "அதுங்களை யார் ரெண்டு ரெண்டா குறைக்கிறது?"

"உங்களை என்னால காப்பாத்த முடியாது."

"நான் கேக்கவே இல்லையே."

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அறிவிப்புப் பலகையில் தாளை ஒட்டினாள். வேறு யாரையும் ஒட்டச்சொல்லவில்லை, தானே ஒட்டினாள். கடந்த மூன்று வருடப் பெரிய கோப்பைப் புள்ளிகள் திருத்தப்படுகின்றன, மூப்படைந்த ஒரு குதிரையை மாறாத அளவாக வைத்துக்கொண்டதால் வந்த பிழை, பிழை முழுக்க என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். கீழே எண்கள். வீட்டில் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவில்லை. மற்ற பயிற்சியாளர்களுக்கு எப்போது தெரியுமோ அப்போதுதான் அண்ணனுக்கும் தெரியவேண்டும் என்பது அவள் சட்டம்.

அண்ணன் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நின்று படித்தார். இரண்டு தடவை படித்தார். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு லாயத்துப் பக்கம் நடந்துபோனார். ஜன்னல் வழியே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. போகவில்லை.

அன்று மாலை கீழே சாப்பாட்டு மேசையில் அவளுக்கு மட்டும் தட்டு வைத்திருந்தது.

"அண்ணன்?"

"அப்பவே சாப்பிட்டாச்சு," என்றாள் அண்ணி. பரிமாறும் கையில் குறை வைக்கவில்லை, ஆனால் பேச்சில் வைத்தாள். "இருபத்தாறு வருஷம் கழிச்சு மனுஷன் ஒருநாள் சிரிச்சாரு. உனக்குப் பொறுக்கலை, இல்ல?"

"அண்ணி, எண் அதுதான். நான் என்ன பண்ணட்டும்?"

"இத்தனை வருஷம் தூங்கிட்டு இருந்தியே, இன்னும் ஒரு வாரம் தூங்கியிருக்கக் கூடாதா?"

புதன்கிழமை காலையில் பயிற்சித் திடலின் வாசலில் அண்ணன் எதிர்ப்பட்டார். சாம்பலை அவரே கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். நிற்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, நின்றார்.

"உன் தப்புக்கு என் குதிரை பலியா?"

"இல்லண்ணா..."

"நாலு வருஷமா ஊரான் குதிரைக்கெல்லாம் ஒரு படியால அளந்தே. என் முறை வரும்போது படியோட அடியைத் தட்டிச் சின்னதாக்கிட்டே." குதிரை மூக்கை அவள் தோளில் உரசியது. அண்ணன் கயிற்றை இழுத்துக்கொண்டார். "நான் மேல்முறையீடு போடறேன். இருபத்தாறு வருஷத்துல போட்டதில்லை. இப்போ போடறேன்."

"போடுங்க," என்றாள் அவள். "போடவேண்டியதுதான். எனக்கும் யாராவது கேள்வி கேக்கணும்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேல்முறையீட்டுக் குழு கூடியது. நீளமான மேசை, தண்ணீர்க் குவளைகள், காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகக் கொடுக்கும் ஒரு மின்விசிறி. தலைவர் ஓய்வுபெற்ற குதிரை மருத்துவர். அவர் பக்கத்தில் இரண்டு உறுப்பினர்கள். ஓரமாகச் செயலாளர், முகத்தில் கொஞ்சம் நம்பிக்கையோடு உட்கார்ந்திருந்தார். குழு அவள் எண்ணைத் தள்ளிவிட்டால் கோப்பையும் பிழைக்கும், சாம்பலும் பிழைக்கும், பழியும் யார் மேலும் விழாது. ஒரு பக்கம் அவள், எதிரில் அண்ணன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அண்ணன் நன்றாகவே பேசினார். சுற்றி வளைக்கவில்லை. "அதே கடிகாரத்தை வெச்சு அளந்த ரெண்டு குதிரை ஏற்கெனவே பட்டியல்ல இருக்கு. அதுங்களை இறக்கலை. அப்போ எனக்கும் அந்த அளவுதானே நியாயம்? அவங்க கணக்கு சரியா தப்பான்னு நான் பேசவே வரலை. பாதி ஆட்டத்துல விதியை மாத்தக்கூடாதுன்னு சொல்றேன்."

உறுப்பினர்கள் இருவரும் தலையாட்டினார்கள். அவளுக்கே தலையாட்டலாம்போல இருந்தது. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது.

அவள் தன் தாள்களை எடுத்துவைத்தாள். கடைசி அறுநூறு மீட்டர் நேரம், வெளிநாட்டில் தோற்ற மூன்று குதிரைகள், கடிகாரத்தின் பல். "பட்டியல்ல இருக்கிற ரெண்டையும் இறக்கச் சொல்லி நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன்," என்றாள். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தண்ணீர் குடித்தார். ஆனாலும் நேரத்தைப் பற்றிய அட்டவணை தலைவருக்கு ஏறவில்லை. நேரம் பொய் சொல்லும் என்று இதே அறையில் அவளே பேசியதை அவர் நினைவுபடுத்தினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

விதிப்படி இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கலாம். "கேள்வி இருக்கா?" என்றார் தலைவர்.

"ஒண்ணே ஒண்ணு." அவள் அண்ணனைப் பார்த்தாள். சபை மரியாதைக்காக, பயிற்சியாளர் ஒருவரைக் கேட்பதுபோலக் கேட்டாள். "உங்ககிட்ட ஒரு கறுப்புக் குதிரை இருந்துது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதே கோப்பையில ஆறாவதா வந்துது. அதையும் இந்தச் சாம்பலையும் ஒரே நாள், ஒரே தரையில, ஒரே எடையோட ஓட விட்டா எது ஜெயிக்கும்?"

அண்ணன் உடனே சொல்லியிருக்கலாம். சாம்பல் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாராலும் பொய் என்று நிரூபிக்கமுடியாது. கறுப்பு செத்துப்போய் ஆறு வருடம். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. முகம் சிவந்தது. தங்கையை அவர் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது, ரொம்ப நேரம் இருந்தது.

"கறுப்பு," என்றார்.

செயலாளர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"எவ்வளவு வித்தியாசத்துல?" என்று தலைவர் கேட்டார்.

"மூணு நீளம். குறைஞ்சது." அதன் பிறகு அவரால் நிறுத்தமுடியவில்லை. "ரெண்டும் என் கையில வளர்ந்ததுங்க சார். ரெண்டையும் தினம் காலையில ஓட விட்டுப் பார்த்தவன் நான். அன்னிக்கு கறுப்பு ஆறாவதா வந்தப்போ நான் லாயத்துக்குள்ள போய் அழுதேன். அவ்வளவு நல்ல குதிரை, அதுக்கு முன்னாடி அஞ்சு குதிரை. அப்படிப்பட்ட காலம். போன ஞாயித்துக்கிழமை இவன் ஜெயிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துது. என்னடா இது, இவ்வளவு சுலபமா முடிஞ்சிடுச்சேன்னு. அது ஏன்னு யோசிக்கப் பிடிக்கலை, அதனால சிரிச்சுக்கிட்டே இருந்தேன்."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ மேல்முறையீடு?"

"வாபஸ்னு எழுதிக்கோங்க."

செயலாளர் தாங்கமாட்டாமல் எழுந்துவிட்டார். "அப்போ இந்த வருஷம் பொலிப் பட்டியல்ல யாரைத்தான் போடறது?"

"காலியா அச்சடிங்க," என்றார் அண்ணன். "பண்ணைக்காரங்க எல்லாரும் வந்து உங்க சட்டையைப் பிடிப்பாங்க. பிடிக்கட்டும். அப்பவாவது வெளியில இருந்து நல்லதா ஒண்ணைக் கொண்டுவரணும்னு யாருக்காவது தோணும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவளும் தாள்களை அள்ளிக்கொண்டு பின்னாலேயே போனாள். நடைபாதையில் அவர் சுவரில் கை ஊன்றி, முட்டியை நீட்டி மடக்கிக்கொண்டு நின்றார். அவள் பக்கத்தில் போய் நின்றாள். மன்னிப்புக் கேட்கலாமா, நன்றி சொல்லலாமா என்று தெரியவில்லை. அவர் நிமிரவில்லை.

"கறுப்புக்கு அப்போ நீ என்ன போட்டிருந்தே?"

இருபத்திரண்டு வருடத்தில் அண்ணன் அவளிடம் கேட்கும் முதல் புள்ளி. "நூத்திப் பன்னெண்டு," என்றாள்.

"உள்ள நான் எத்தனை நீளம்னு சொன்னேன்?"

"மூணு."

"மூணுக்கு ஆறு புள்ளி. நூத்திப் பன்னெண்டுல ஆறு போனா எவ்வளவு?"

அவள் தாள்களை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நூத்தியெட்டுன்னு ஒட்டியிருக்கே."

"நேரக் கணக்கு எட்டுக் குறைக்கணும்னு சொல்லுதுண்ணா. வெளிநாட்டுல தோத்ததை வெச்சுப் பார்த்தா பத்து. ரெண்டுல எதுன்னு சந்தேகம் இருந்தா, குதிரைக்குச் சாதகமா..."

"எல்லாக் குதிரைக்கும் அப்படித்தான் போடுவியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். வேறொருவர் குதிரையாக இருந்திருந்தால் பத்துக் குறைத்திருப்பாள், மறுயோசனை இல்லாமல். திங்கட்கிழமை அந்த எட்டை எழுதும்போதே கை அதை எதற்காகத் தேர்ந்தெடுத்தது என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு, இந்த ஐந்து நாளும் தன்னை ரொம்பக் கறாரானவள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சூடாகிவிட்டன.

"இல்லை," என்றாள்.

"அப்புறம்?" என்றார் அண்ணன்.

அவள் திரும்பிக் கதவைத் தள்ளினாள். உள்ளே எல்லாரும் எழுந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் அவளைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"உக்காருங்க சார்," என்றாள் தலைவரிடம். "இன்னொரு திருத்தம் இருக்கு. சாம்பலுக்கு நூத்தியாறு."

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் ஆயிற்று. வெளியே அண்ணன் காத்துக்கொண்டிருந்தார்.